கரையும் சோப்பு, கரையாத குக்கர்

பெங்களூர் பீன்யாவில் ஒரு தனியார் கம்பெனியின் டூல் ரூமில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு 2025இல் ஓய்வு பெற்றார் அந்தத் தமிழர். மாதாமாதம் வருகிற பென்ஷன் மல்லேஸ்வரம் வீட்டின் மளிகை பில்லுக்கே காணாது. பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷனுக்கு 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் கணக்கு. கடைசி மாதம் அதைப்போல எத்தனை மடங்கு வாங்கியிருந்தாலும் பலனில்லை. மிச்சத்தையெல்லாம் சேர்த்து வைத்த பணம்தான் ஈட்டித் தர வேண்டும்.

1990களின் நடுவில் இது பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. வங்கியில் போட்டால் 12 சதவீதம் வரை வட்டி வந்த காலம் அது. அவருடைய அப்பா கிருஷ்ணகிரியில் அந்த வட்டியிலேயே பத்து வருடம் குடும்பம் நடத்தினார். மகன் ஓய்வு பெறும்போது வட்டி 7 சதவீதத்தைச் சுற்றி வந்துவிட்டது. விலைவாசி எந்தப் பக்கம் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். "மாமா, ரொம்ப யோசிக்காதீங்க. அக்கா தினம் எதுல சமைக்கிறாங்களோ, எதுல துணி துவைக்கிறாங்களோ, அந்தக் கம்பெனி ஷேரா பார்த்து வாங்கிப் போடுங்க. வருஷா வருஷம் டிவிடெண்ட் வந்துக்கிட்டே இருக்கும், வாடகை மாதிரி."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாடெங்கும் ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லப்படும் யோசனையும் இதுதான். தங்கம் ஏறும், இறங்கும். நிலத்துக்கு வழக்கு வரும். ஆனால் ஜனங்கள் குளிக்காமலும் சமைக்காமலும் இருக்க முடியுமா? பத்து லட்ச ரூபாயை இதில் போடலாமா என்று இரண்டு மாதம் ஆராய்ந்தார் அவர். இரும்பைப் பற்றித் தெரிந்த அளவுக்கு ஷேர் பற்றித் தெரியாது. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத டூல் ரூம் புத்தி உண்டு.

முதலில் வீட்டு அலமாரியையே பார்த்தார். பெங்களூர்ப் பொருட்களுக்குக் குறைவில்லை. ஆனால் வாங்க விரும்பினாலும் முடியாதவைதான் அதிகம். மைசூர் சாண்டல் சோப்பைத் தயாரிக்கும் கம்பெனி கர்நாடக அரசுக்குச் சொந்தம்; டிவிடெண்ட் காசோலை முதலமைச்சரின் கைக்குத்தான் போகிறது. சந்தூர் சோப்பு விப்ரோவின் வீட்டுப் பொருள். 1945இல் மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் வனஸ்பதி தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தது. 2013இல் சோப்பையும் சாஃப்ட்வேரையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். சாஃப்ட்வேர் சந்தையில் இருக்கிறது, சோப்பு இல்லை. ஹிமாலயாவும் தனியார் கையில். எம்.டி.ஆர். பொடிகளை 2007இல் நார்வேயின் ஆர்க்லா வாங்கியது. அதன் பங்குகள் 2025 நவம்பரில்தான் சந்தைக்கு வந்தன. ஒரு வருடம்கூட ஆகாத டிவிடெண்ட் சரித்திரத்தை வைத்து எதை அளப்பது?

அடுப்பு மேடையில் இருந்தது பிரெஸ்டீஜ் குக்கர்.

டி.டி.கே. பிரெஸ்டீஜை இங்குள்ள தமிழர்கள் சொந்த ஊர்க் கம்பெனி போலத்தான் நினைக்கிறார்கள். பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட்டில், தலைமை அலுவலகம் பெங்களூரில். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928இல் சென்னையில் தொடங்கிய வியாபாரத்தின் கிளை. பிற்பாடு நேருவின் நிதியமைச்சரானவர் அவர். எல்.ஐ.சி.யின் பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதை 1957இல் ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிளப்ப, 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். தப்பான ஷேர்களை வாங்கியதால் ஒரு நிதியமைச்சரின் நாற்காலி போன கதை அது. அவர் குடும்பத்துக் கம்பெனியின் ஷேரை ஆராய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பேரன் டி.டி. ஜகந்நாதன் சென்னை ஐ.ஐ.டி.யில் தங்கப் பதக்கம் பெற்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1972இல் கடனில் மூழ்கிக் கிடந்த குடும்பத் தொழிலைத் தூக்கி நிறுத்தத் திரும்பி வந்தார். 2025 அக்டோபரில் காலமானார். டூல் ரூம்காரருக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு. காரணம் பணமில்லை, கேஸ்கட்.

குக்கரில் அடிக்கடி மாற்றப்படுவது ரப்பர் கேஸ்கட்டும் பாதுகாப்பு வால்வும். கம்பெனி சாமான் விலை கூட என்று போலி வால்வை வாங்கிப் போட்டார்கள் ஜனங்கள். வட மாநிலங்களில் குக்கர்கள் வெடித்தன. வால்வு போலியாக இருந்தாலும் வெடிக்கக் கூடாது, என்ன வழி என்று யோசித்தார் ஜகந்நாதன். மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு வைத்தார். நீராவி அளவுக்கு மீறினால் கேஸ்கட்டே அந்த வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. ஒரு சின்ன வெட்டு, ஒரு பெரிய ஆபத்து முடிந்தது. முப்பது வருடம் லேத்தின் முன்னால் நின்றவருக்கு இதைவிட நல்ல சிபாரிசு வேறென்ன வேண்டும்?

ஆனால் நல்ல என்ஜினீயரிங் வேறு, நல்ல டிவிடெண்ட் வேறு. அதை அவருக்குக் காட்டியதும் அதே குக்கர்தான். 1992இல் கல்யாணச் சீராக வந்தது. இரண்டு தடவை கைப்பிடி மாற்றியாயிற்று, ஒரு தடவை வெயிட் தொலைந்தது, கேஸ்கட்டுக்குக் கணக்கில்லை. இன்னும் விசில் அடிக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த வீடு இன்னொரு குக்கர் வாங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் மகள் கல்யாணத்துக்கு. குளியலறையில் இருக்கும் சோப்போ மாதம் நாலு கரைகிறது. நன்றாக இருந்தாலும் கரைகிறது, இல்லாவிட்டாலும் கரைகிறது.

டிவிடெண்டை நம்பிப் பங்கு வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. பொருள் நல்லதா என்பது போதாது. அடுத்து எப்போது வாங்குவார்கள் என்று கேட்க வேண்டும். உழைக்கிற குக்கர் குடும்பத்துக்கு லாபம், பங்குதாரருக்குச் சங்கடம். அதனால்தான் பழைய குக்கரைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று எக்ஸ்சேஞ்ச் திட்டம் போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் குக்கர் கம்பெனி அடுப்பு, மிக்ஸி, நான்ஸ்டிக் தவா, இண்டக்ஷன் என்று கை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. தென் மாநிலங்களையும் குக்கரையும் மட்டுமே நம்பியிருந்தபோது, 2000த்தின் தொடக்க ஆண்டுகளில், கம்பெனி நஷ்டத்தில் விழுந்தது. அந்த வருடங்களில் டிவிடெண்டை வைத்து வீட்டு வாடகை கொடுக்கலாம் என்று யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் கதி என்ன?

அப்புறம் நிலைமை தலைகீழானது உண்மை. 2003க்குப் பிறகு சொந்தக் கடைகள், புதுச் சாமான்கள். பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கு பத்து வருடத்தில் 3,000 ரூபாயைத் தாண்டியது. அதை வைத்திருந்தவர்கள் பணக்காரர்களானது விலை ஏறியதால். டிவிடெண்ட் அதில் ஊறுகாய் அளவுதான். மைத்துனர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினார். ஷேர் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அடுத்து சதவீதக் கண்கட்டு. '600 சதவீத டிவிடெண்ட்' என்று கண்ணில் பட்டதும் மாமியார்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தச் சதவீதம் நீங்கள் கொடுத்த விலை மேல் அல்ல, பங்கின் முகமதிப்பு மேல். பிரெஸ்டீஜ் 2021இல் 10 ரூபாய்ப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ஒரு ரூபாய் மேல் 600 சதவீதம் என்றால் ஆறு ரூபாய். அதை வாங்க 2025இல் சந்தையில் கொடுக்க வேண்டியிருந்தது 650 ரூபாய் சுமார். கிடைப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. சேமிப்புக் கணக்கில் தூங்கும் பணத்துக்குக்கூட வங்கி இதைவிட அதிகம் தருகிறது.

அந்த ஆறு ரூபாயைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2021-22இல் பங்கு ஒன்றுக்குக் கம்பெனி சம்பாதித்தது ஏறத்தாழ 22 ரூபாய், கொடுத்தது 6. 2023-24இல் சம்பாத்தியம் 16 ரூபாய் அளவுக்கு இறங்கியது, கொடுத்தது 6. 2024-25இல் வெளியே வாங்கிய கம்பெனிகளின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுத வேண்டிவந்து, சம்பாத்தியம் எட்டு ரூபாய் அளவுக்குச் சுருங்கியது. அப்போதும் 6. டிவிடெண்டை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் அமைதியாகவே தெரிந்திருக்கும். லாபம் மூன்றில் ஒரு பங்காகிவிட்ட சேதி அந்த ஆறு ரூபாயில் எங்கும் இல்லை. கம்பெனிக்குக் கடன் தொல்லை கிடையாது, கையில் பணம் உண்டு, அதனால் கொடுக்க முடிந்தது. குடும்பத் தலைவர் சம்பளம் குறைந்தாலும் வீட்டுச் செலவுக்கு அதே தொகையைக் கொடுப்பது போல. நல்ல குணம்தான். ஆனால் எத்தனை நாளைக்கு என்று மனைவி கேட்கத்தானே வேண்டும்?

இதற்கு நடுவே 2024இல், பங்கு 1,200 ரூபாய் வீதம் 200 கோடிக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது கம்பெனி. வருடாந்திர டிவிடெண்ட் மொத்தமே 83 கோடி சுமார். அதாவது இரண்டு வருட டிவிடெண்டுக்கு மேலான பணம், விற்க முன்வந்தவர்களுக்குப் போனது. அடுத்த வருடமே சந்தை விலை 600 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. விற்றவர் கெட்டிக்காரர். வைத்துக்கொண்டு டிவிடெண்டுக்குக் காத்திருந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அப்படியானால் குக்கர் விற்பவர்கள் எல்லோருமே கைச்சுருக்கமா என்றால் அதுவும் இல்லை. மும்பையின் ஹாக்கின்ஸ் அதே அலுமினியத்தில் அதே குக்கரைத்தான் செய்கிறது. 2023-24க்குப் பங்குக்கு 120 ரூபாய், 2024-25க்கு 130 ரூபாய் கொடுத்தது. லாபத்தில் பாதிக்கு மேல் பங்குதாரர் கைக்கு வருகிறது. ஒரே பொருள், ஒரே சமையலறை, இரண்டு இயக்குநர் குழுக்கள், இரண்டு மனசு. ஆனால் ஹாக்கின்ஸ் பங்கு ஒன்றின் விலை பல ஆயிரம். கணக்குப் போட்டால் அங்கேயும் இரண்டு சதவீதம் தேறவில்லை.

பிறகு சோப்பு. இந்துஸ்தான் யூனிலீவர். லைஃப்பாய், சர்ஃப், ரின், விம் என்று எந்த இந்திய வீட்டிலும் ஏதாவது ஒரு மூலையில் இருப்பது. அது லாபத்தை ஏறக்குறைய முழுசாகவே பிரித்துக் கொடுத்துவிடும் கம்பெனி. 2023-24இல் பங்குக்கு 44 ரூபாய் அளவுக்குச் சம்பாதித்து 42 ரூபாயைக் கொடுத்தது. சோப்புத் தொழிற்சாலைக்குப் பெரிய முதலீடு திரும்பத் திரும்பத் தேவைப்படுவதில்லை. கடைக்காரர் பணம் சீக்கிரம் வருகிறது, சரக்கு கொடுத்தவருக்குப் பணம் மெதுவாகப் போகிறது. மிச்சமாவதைப் பூட்டி வைத்துக்கொள்ளக் காரணமில்லை. லண்டன் தாய்க் கம்பெனிக்கும் டிவிடெண்ட் வேண்டும். பெரிய பங்குதாரருக்கும் சின்னப் பங்குதாரருக்கும் ஒரே பசி இருப்பது சின்னவருக்கு நல்லது. என்றாலும், டிவிடெண்டுக்கு முன்னாலேயே ராயல்டி, சேவைக் கட்டணம் என்று விற்பனையில் ஒரு பங்கு தாய் வீட்டுக்குப் போய்விடுகிறது. 2023இல் அதை 2.65 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.45 சதவீதமாக்க முடிவு செய்தார்கள். முதல் கவளம் யாருக்கு என்பதில் சந்தேகமே வேண்டாம்.

சோப்புக்கும் கெட்ட காலம் வந்ததுண்டு. 2004இல் பி அண்ட் ஜி, டைட், ஏரியல் பவுடர்களின் விலையைத் தடாலடியாகக் குறைத்தது. அப்போது இந்துஸ்தான் லீவராக இருந்த கம்பெனியும் சர்ஃப் எக்ஸெல் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. துவைப்பவர்கள் மகிழ்ந்தார்கள். முந்தைய வருடம் 1,700 கோடியைத் தாண்டியிருந்த லாபம் 1,200 கோடிக்கு வந்தது. பங்குக்கு ஐந்து ரூபாய் சொச்சம்தான் சம்பாத்தியம், ஆனாலும் ஐந்து ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தார்கள். அரசுக்குக் கட்டிய டிவிடெண்ட் வரியையும் சேர்த்தால் அந்த வருட லாபத்தைவிட அதிகம். வருட முடிவில் பங்கு விலை 150 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. இந்தக் கம்பெனி முடிந்தது என்று அப்போது எழுதாத பத்திரிகை குறைவு.

அந்த விலையில் வாங்கியவருக்கு 2024-25இல் வழக்கமான டிவிடெண்ட் மட்டும் பங்குக்கு 43 ரூபாய் வந்தது, சிறப்பு டிவிடெண்ட் 10 ரூபாய் தனி. போட்ட முதலில் வருடத்துக்கு 30 சதவீதம். மைத்துனர் எடுத்துக் காட்டியது இந்தக் கணக்கைத்தான். ஆனால் அந்த மனிதர் 2010 வரை என்ன பாடுபட்டிருப்பார் என்பது அதில் இல்லை.  டிவிடெண்ட் பல வருடம் பெரிதாக ஏறவில்லை. அரிசி விலை நிற்கவில்லை.

கடைசியில் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார் அவர், 2025 விலையில். பத்து லட்சத்துக்கு பிரெஸ்டீஜ் வாங்கினால் வருடத்துக்கு 9,200 ரூபாய், மாதம் 770. யூனிலீவரைப் பங்கு 2,300 வீதம் வாங்கினால் வருடத்துக்கு 18,700, மாதம் 1,560 சுமார். தபால் அலுவலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீதத்தில், வருடத்துக்கு 82,000. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 கணக்கில் விழும், ஐந்து வருடத்துக்கு மாறாது.

மைத்துனர் விடவில்லை. வட்டி ஏறாது, டிவிடெண்ட் ஏறும் என்றார். அதுவும் நியாயம்தான். யூனிலீவர் டிவிடெண்ட் 20 வருடத்தில் 5 ரூபாயிலிருந்து 43 ஆனது, ஆண்டுக்கு 11 சதவீத வளர்ச்சி. இனியும் அதே வேகம் என்றே வைத்துக்கொண்டாலும், இன்றைய தபால் அலுவலக வட்டியை எட்டிப்பிடிக்க 14 வருடம் ஆகும். அவருக்கு அப்போது 74 வயது.

"அதுவரைக்கும் பால்காரருக்கு யாருங்க பணம் கொடுக்கிறது?" என்றார் மனைவி. இரண்டு மாத ஆராய்ச்சியில் இதைவிடச் சரியாக யாரும் கேட்கவில்லை.

வரியும் இருக்கிறது. 1997இலிருந்து பெரும்பாலான வருடங்களில் டிவிடெண்ட் வரியைக் கம்பெனியே கட்டிவந்தது. 2020 ஏப்ரல் முதல் அது பெறுகிறவர் வருமானத்தில் சேர்கிறது. இவர் வருமானத்துக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. நல்ல சம்பளம் வாங்கும் மைத்துனருக்குத்தான் டிவிடெண்டில் கணிசமான பங்கு வரியாகப் போகும். டிவிடெண்ட் பற்றி அதிக உற்சாகம் அவருக்குத்தான் என்பது வேடிக்கை.

முடிவு இப்படி ஆனது: எட்டு லட்சம் தபால் அலுவலகத்துக்கு. இரண்டு லட்சம் பங்குகளுக்கு, அதுவும் ஒரே நாளில் இல்லை, இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. 2004 மாதிரி எல்லோரும் திட்டுகிற நாள் எதாவது வந்தால் கொஞ்சம் கூடுதலாக. பெரும்பங்கு கரைகிற பொருளில். வருகிற டிவிடெண்டை இப்போது செலவழிப்பதில்லை, எழுபதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். குக்கர் கம்பெனியில் ஐம்பது பங்கு மட்டும் வாங்கினார். வருடத்துக்கு 300 ரூபாய் வரும். அது கேஸ்கட்டுக்காக என்றார், விளக்கம் சொல்லவில்லை.

டீமேட் கணக்கைத் தொடங்குமுன் மனைவி ஒரு நிபந்தனை போட்டார்: இரண்டாவது பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும், வாரிசு நியமனமும் அன்றே எழுத வேண்டும். அவருடைய அப்பா ஒரு கம்பெனியின் பங்குகளைத் தாள் சான்றிதழாகவே வைத்திருந்துவிட்டுப் போனார். வீடு மாறியதில் டிவிடெண்ட் வாரண்டுகள் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன. தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்டைப் பெறாவிட்டால், பணம் மட்டுமல்ல, பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும் என்பது 2016க்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. போய்விட்டன. திரும்பப் பெற வாரிசுச் சான்றிதழ், பழைய கையெழுத்து, நோட்டரி, கம்பெனியின் பதிவாளர் என்று அலைச்சல் இன்னும் முடியவில்லை. அந்தக் காகிதங்கள் பீரோவின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. புதுக் கணக்கின் காகிதங்களை வேறு உறையில் போட்டு, மேலே இருவர் பெயரையும் எழுதினார்.